சரசாவின் ஓட்டு

ஆவடியில் படைவீரர்களுக்கு உடை தைக்கும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் மிஷின் மிதித்தவள் சரசா. அதில் பாதிக் காலம் சங்கத்தில் பெண்கள் பிரதிநிதி. சோறில்லாமல்கூட இருப்பாள், ஓட்டில்லாமல் இருக்கமாட்டாள். கூட்டத்தில் கை தூக்க முடியாதவன் ஆளே இல்லை என்பது அவள் கட்சி. அந்த இடம் பார்த்துத்தான் சுப்பராயன் அடித்தான்.

சுப்பராயன் அங்கேயே சூப்பர்வைசராக இருந்தவன். ஓய்வு பெற்றதும் பழைய ஆட்களிடம் பணம் திரட்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனி தொடங்கினான். சரசா ஐந்து லட்சம் போட்டாள். நூம்பலில் தூணோடு நிற்கும் வீட்டுக்குத் தளம் போட வைத்திருந்த பணம் அது. இரண்டே வருஷத்தில் கம்பெனி நொண்டியது.

போன தீபாவளிக்கு முன் எல்லோருக்கும் ஒரு காகிதம் வந்தது. விருப்பப்பட்டவர்கள் தங்கள் பங்கை முன்னுரிமைப் பங்காக மாற்றிக்கொள்ளலாம். கம்பெனியை விற்றால் அவர்களுக்குத்தான் முதல் பணம், ஆனால் ஓட்டு கிடையாது. சாதாரணப் பங்குக்கு ஓட்டு உண்டு, மிஞ்சினால்தான் பணம்.

அன்று சாயங்காலமே சுப்பராயன் வந்து நின்றான்.

"இன்னாக்கா, ஓட்டில்லாம பொம்மையாட்டம் குந்திகினு இருக்கப் போறியா? நான் சாதா பங்குதான் வச்சிக்கினு கீறேன். நீயும் வச்சுக்கோ. நாம ரெண்டு பேர் இருந்தா எவனும் அசைக்க முடியாது."

சரசாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பக்கத்து மிஷினில் தைத்த தாயம்மாள் மாற்றிக்கொண்டபோது, "மூணு லட்சத்துக்கு ஓட்டை வித்துட்டியேடி" என்று சிரிக்கவும் செய்தாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். கம்பெனியை வாங்க ஆள் வந்திருந்தது. கணக்கர் சிவராமன் தாளை வாசித்தார். வங்கிக் கடன் போக மிஞ்சுவது ஒன்பது லட்சம். அது முன்னுரிமைக்காரர்களுக்கே சரியாகப் போய்விடும். "தாயம்மாள், மூணு. கோமளா, ஆறு."

கோமளா சுப்பராயனின் மனைவி.

சரசாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பெரும் பங்கைப் பெண்டாட்டி பேருக்குத் தள்ளி முன்னுரிமையாக்கிவிட்டு, பேருக்குக் கொஞ்சம் மட்டும் தன்னிடம் வைத்திருக்கிறான். அவளும் மாறியிருந்தால் அந்த ஒன்பது லட்சத்தை மூன்று பேருக்குப் பிரித்திருக்க வேண்டும், கோமளாவுக்கு ஆறு முழுதாக வந்திருக்காது. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான் பாவி.

"இன்னா சுப்பு இது?"

"அது ஊட்டுக்காரி இஷ்டம்க்கா," என்றான், மேசையைப் பார்த்துக்கொண்டே.

விற்பதற்கு முக்கால்வாசி ஓட்டு வேண்டும். சாதாரணப் பங்கில் பாதி சரசாவுடையது. அவள் கை தூக்காவிட்டால் விற்பனை கிடையாது. ஜூனில் ஆர்டர் வந்து கம்பெனி நிமிர்ந்தால் அவள் பணத்துக்கும் வழி பிறக்கலாம். வராவிட்டால் இரண்டு மாதத்தில் வங்கி பூட்டுப் போடும், யாருக்கும் தம்பிடி தேறாது. தேறாவிட்டால் என்ன? இவனுடைய ஆறு லட்சமும் மண்ணாய்ப் போகட்டும். வயிறெரிந்து அதைத்தான் நினைத்தாள்.

கதவோரம் ஸ்டூலில் தாயம்மாள் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். இடுப்பு ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஓட்டில்லாதவள், அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் சரசாவைக் கெஞ்சவில்லை, ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சரசா ஒருவேளை முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள்.

சரசா கையைத் தூக்கினாள். சிவராமன் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் சுப்பராயன் டீயை நீட்டினான். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"எனக்குத் தெரியும்க்கா. நீ தாயம்மாவ உட்டுட மாட்டே. அந்த தைரியத்துலதான் கூட்டமே போட்டேன்."

ஆக, அவளுடைய ரோஷத்தை மட்டுமல்ல, ஈரத்தையும் அவன் முன்கூட்டியே எடை போட்டு வைத்திருக்கிறான். ஐந்து லட்சம் போனதைவிட அதுதான் அவளைச் சுட்டது. டீயை அவள் வாங்கவில்லை.

"தூக்கின கைய முறிச்சுப் போடணும் போலக் கீதுடா," என்றாள்.