கூடையோடு எடை

சிந்தாமணியின் வாய்க்குப் பயப்படாத ஆள் நல்லவாட்டில் கிடையாது. மீன் ஏலத்தில் நூறு பேர் கத்தினாலும் அவள் குரல் தனியாகக் கேட்கும். அந்த வாயை இரண்டு மாதமாக அவள் ஒரே ஆளிடம்தான் காட்டிக்கொண்டிருந்தாள், தன் புருஷன் உத்திராபதியிடம். அவன் அவளுக்குத் தெரியாமல் தண்ணீர் குடிக்கிறான் என்பது அவள் கட்சி.

உத்திராபதிக்கு இரண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இதயமும் சரியில்லை, மெஷினில் ரத்தம் சுத்தம் பண்ணினால் உடம்பு தாங்காது என்று சொல்லி, வயிற்றில் ஒரு குழாயை வைத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை, சர்க்கரை கலந்த மருந்துத் தண்ணீர் இரண்டு லிட்டரைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட வேண்டும். நாலு மணி நேரம் கழித்து அதை வேறொரு பையில் வடிக்க வேண்டும். நர்ஸ் ஆரோக்கியசெல்விதான் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். வயிற்றுக்குள் மெல்லிசாக ஒரு ஜவ்வு இருக்கிறதாம். அதன் செல் ஒவ்வொன்றிலும் தண்ணீர் மட்டும் நுழைகிற அளவுக்குச் சின்னச் சின்ன வழி இருக்கிறதாம். சர்க்கரை இழுக்கிற இழுப்பில், உடம்பில் தேங்கிய தண்ணீர் அந்த வழியாக இறங்கி வரும். இரண்டு லிட்டர் உள்ளே போனால் அதற்கு மேலே வெளியே வர வேண்டும். அந்த மேற்கொண்டு வருவதில்தான் அவன் உயிர் இருந்தது. குடிக்கிற தண்ணீர் நாளைக்கு அரை லிட்டர், அவ்வளவுதான்.

வடித்த பையை எடை போட்டு நோட்டில் எழுதச் சொன்னாள் செல்வி. வெறும் பைக்கு நூறு கிராம் கழித்துக்கொள்ளவும் சொன்னாள். எடை போட சிந்தாமணிக்கா சொல்லித்தர வேண்டும்! வில்லியனூர் மார்க்கெட்டில் இருபது வருஷமாக மீன் நிறுக்கிறவள். வீட்டில் சும்மா கிடந்த ஸ்பிரிங் தராசைத் துடைத்து உத்தரத்தில் மாட்டினாள். கொக்கியில் பை தொங்கும். அவள் முள்ளைப் பார்ப்பாள், நூறு கழிப்பாள், எழுதுவாள்.

ஒரு வருஷம் இரண்டாயிரத்து முந்நூறுக்குக் குறையாமல் வந்தது. அப்புறம் இறங்க ஆரம்பித்தது. இருநூறு, நூறு, ஐம்பது. ஒரு நாள் சரியாக இரண்டாயிரத்தில் நின்றுவிட்டது. விட்டதுதான் வந்தது, மேற்கொண்டு ஒரு சொட்டு இல்லை. அன்றைக்கு அவள் சோற்றில் கை வைக்கவில்லை. மறுநாள் பார்த்து, பை கொக்கியிலிருந்து கிழிந்து விழுந்து வீடெல்லாம் தண்ணீர். இனி இந்த வம்பே வேண்டாம் என்று, அடுத்த பையை மீன் கூடைக்குள் வைத்துக் கூடையைக் கொக்கியில் மாட்டினாள். முள் சரசரவென்று மேலே ஏறியது. பைக்கு நூறு கழித்தாள். இரண்டாயிரத்து நானூறு!

பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறியது போல அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்தாள், உடனே அழுதாள், அவன் தலையைப் பிடித்து ஆட்டினாள். மறுநாள் மார்க்கெட்டில் மீன் விற்று முடித்ததும் நேராக மாதா கோயிலுக்குப் போய் ஆளுயர மெழுகுவத்தி ஏற்றினாள். அம்மனுக்கு வெள்ளிக்கிழமை மாவிளக்கு போட்டாள். உத்திராபதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் நோட்டு நன்றாக இருக்க, ஆள் நன்றாக இல்லை. கால் வீங்கியது, முகம் ஊதியது, நாலு அடி நடந்தால் மூச்சு இரைத்தது. தண்ணீர் இவ்வளவு வெளியே போகிறதென்றால், இவ்வளவு உள்ளேயும் போகிறது என்றுதானே அர்த்தம்? அடுப்பங்கரைக்குப் பூட்டுப் போட்டாள். குளியலறையில் இருந்த மக்கை எடுத்து ஒளித்தாள். கடலம்மா மேல் சத்தியமாகக் குடிக்கவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னான். சோறு போட்ட கடல் மேலேயே பொய்ச் சத்தியம் பண்ணுகிறான் பார் என்று, கரையில் நாலு பேர் நடுவில் வைத்து அவன் மானத்தை வாங்கினாள். உதடு வெடித்து உட்கார்ந்திருந்தவன் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நோட்டைப் பார்த்தாள், அவன் காலைப் பார்த்தாள். ஜவ்வு தண்ணீரை எவ்வளவு சுலபமாக விடுகிறது என்று நாமே அளந்துவிடலாம் என்றாள். இரண்டு லிட்டர் உள்ளே விட்டார்கள். நடுவில் ஊசியால் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தார்கள். நாலு மணி நேரம் கழித்து வடித்ததை, கோடு போட்ட ஜாடியில் செல்வி ஊற்றினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரம். விட்டதே முழுதாக வரவில்லை. அன்று காலை நோட்டில் சிந்தாமணி எழுதியிருந்தது இரண்டாயிரத்து முந்நூறு.

வீட்டில் எப்படி எடை போடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டாள். சிந்தாமணி கூடை விஷயத்தைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

"கூடை எடையைக் கழிச்சீங்களாம்மா?"

கழிப்பதா? நல்லவாட்டில் மீனைக் கூடையோடுதான் நிறுப்பார்கள். வாங்குகிற ஏஜெண்ட் மீனில் இருக்கிற ஐஸுக்கும் தண்ணீருக்கும் என்று பத்துக்கு ஒன்று குறைப்பான். கூடை அதற்குச் சரியாய்ப் போகும். யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை, அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அப்படித்தான். கூடையைக் கழிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதே இல்லை. நானூறு கிராம் கூடை. அந்த நானூறுக்குத்தான் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஜவ்வு கெட்டுப்போய்விட்டது, தண்ணீரை இழுப்பதற்குள் சர்க்கரை உடம்புக்குள் போய்விடுகிறது, இனி இது உதவாது என்றாள். இரண்டு மாசம் முன்னாடியே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று சிந்தாமணி கேட்டாள். கொஞ்ச நாள் தள்ளிப்போட்டிருக்கலாம், அவ்வளவுதான் என்று பதில் வந்தது. வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், மூச்சு முட்டாமல் இருக்க மருந்து தருகிறேன், ஆசைப்பட்டதைக் கொடுங்கள். தண்ணீர்கூடவா என்றாள். தண்ணீரும்தான்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பங்கரைப் பூட்டைத் திறந்தாள். பானையிலிருந்து சொம்பு நிறைய மொண்டு கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தாள். உத்திராபதி சொம்பைப் பார்த்தான், உத்தரத்தில் தொங்கிய கூடையைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உனுக்குத் தெரியுமாயா?"

"மொத நாளே தெரியும்."

"சொல்றதுக்கு இன்னாயா? நாலு பேர் முன்னாடி திருடன்னு சொன்னேனே, அப்பக்கூட வாயத் தொறக்கலயே நீ."

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்:

"பொழைக்கிறவனத்தான்டி திட்டுவாங்க. நீ திட்டிக்கினே இருந்த. சரி, இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

சொம்பைத் தூக்கப் போனான், முடியவில்லை. அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டே வாய் குடித்தான், போதும் என்று கையைக் காட்டினான். இரண்டு மாதத் தாகம் இரண்டு வாயோடு முடிந்துவிட்டது. மீதித் தண்ணீரோடு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி சும்மா குந்திக்கினு இருக்க?" என்றான் அவன். "தண்ணி குடிச்சேன் இல்ல? திட்டு."

அவள் வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை வரவில்லை.