அக்கரையில் ஒரு கால்

1
இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. அறுவை செய்த என் முழங்காலுக்குக் கட்டு மாற்ற வரும் வெர்னா சொன்னது. ("என் பேரையும் போடச் சொல்லு" என்று அவளுடைய நோயாளி ஓர்வில் அனுமதி தந்துவிட்டார்.) முதலில் இப்படித் தொடங்கினேன்: "மிசிசிப்பி ஆறு அன்று சாம்பல் நிறத்தில்..."

வேண்டாம். இந்தக் கதையில் ஆற்றுக்கு எல்லைக்கோடாகக் கிடப்பது ஒன்றே வேலை.

2
வெர்னா விஸ்கான்சின் நர்ஸ். பல மாநிலங்கள் கூடிச் செய்துகொண்ட உடன்பாட்டால் அவளுடைய உரிமம் டெக்சாஸில் செல்லும், ஃபுளோரிடாவில் செல்லும். அவள் சமையலறை ஜன்னலில் அக்கரையாகத் தெரியும் மினசோட்டாவில் செல்லாது. அந்த மாநிலம் உடன்பாட்டில் சேரவில்லை.*

ஓர்வில் பழைய இழுவைப்படகு கேப்டன். காலில் சர்க்கரைப் புண்; இக்கரையில் இருந்தவரை வெர்னாதான் கட்டு மாற்றினாள். மகள் ஜோலீன் அவரை அக்கரையிலுள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே வந்த புது நர்ஸைக் கத்தியே விரட்டிவிட்டார்.

"வெர்னா இங்க வரக் கூடாதுன்னா நான் அங்க போறேன். என் காலுக்கு லைசென்ஸ் கேட்க மாட்டாங்கல்ல?"

அப்படியே நடந்தது. வாரந்தோறும் ஜோலீனின் வண்டி பாலம் இறங்கி, இக்கரையில் தூண்டில்புழுக் கடை வாசலில் நிற்கும். வெர்னா வண்டிக் கதவைத் திறந்து, காலை மடியில் வைத்துக் கட்டு மாற்றுவாள். அவளுடைய நிறுவனம் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தது.

* தனி உரிமம் வாங்கலாமே என்கிறீர்கள். விண்ணப்பித்திருக்கிறாள். நீங்களும் காத்திருங்கள்.

3
ஒரு வாரம் வண்டி வரவில்லை. ஜோலீன்தான் கூப்பிட்டாள்.

"காய்ச்சல் கொதிக்குது. கால் நாறுது. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கிறார். ஆம்புலன்ஸையும் திருப்பி அனுப்பிட்டார். நீ வந்தாத்தான் காலைக் காட்டுவாராம்."

[இந்த இடத்தில் வெர்னாவை மருந்துப் பையோடு பாலத்தில் பறக்கவிட்டிருந்தேன். வாசித்துக் காட்டியதும், "கதை எழுதி என் லைசென்ஸைப் பறிக்கப் பாக்கறியா?" என்று முழங்காலில் ஓர் அழுத்து அழுத்தினாள். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.]

அவள் மருந்துப் பையை வீட்டில் வைத்துவிட்டு ஆப்பிள் பையோடு போனாள். (இது தின்கிற பை. தமிழில் இரண்டும் பைதான். நான் என்ன செய்ய?)

"கட்டைப் பிரி" என்றார் ஓர்வில்.

"மாட்டேன். இங்க நான் விருந்தாளி."

"அப்ப எதுக்கு வந்தே?"

"உங்களைத் திட்ட. அதுக்கு எந்த மாநிலத்துலயும் லைசென்ஸ் வேணாம். பிடிவாதத்துல செத்துத் தொலைஞ்சா நான் யார்கிட்ட சண்டை போடறது, கேப்டன்?"

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்துவிட்டது. ஓர்வில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் எழுந்து போகாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஜோலீன், வண்டிய எடு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார்.

இரண்டு கால்விரல்கள் போயின. கால் தப்பியது.

4
உடன்பாட்டில் சேரலாமா என்று அக்கரைச் சட்டமன்றத்தில் மறுபடி பேசுகிறார்களாம். நர்ஸுகளுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. சட்டம் நிறைவேறி, வெர்னா மருந்துப் பையோடு பாலம் கடக்கிற மாதிரி ஒரு முடிவு எழுதினேன். புழுக்கடை வாசலில் நான் வாசிக்க, அதைக் கேட்டு ஓர்வில்தான் கொதித்தார்.

"அடிச்சிடு அதை! அவ வீட்டுக்கே வந்துட்டா, வாரா வாரம் நான் எதைச் சொல்லி வெளிய வர்றது?"

வெர்னா தலை நிமிரவில்லை. "காலை ஆட்டாதீங்க, கேப்டன். நான் சட்டம் வரணும்னுதான் சொல்லுவேன்."

ஆளுக்கொரு வாக்கு. மூன்றாவது உங்களுடையது.