பாதி வாடகை

என் தொழிலுக்குச் சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒருத்தி தனியாக ஒரு வீட்டில் ஆண்களை வரவழைத்தால் குற்றமில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் என்றால் அது விபச்சார விடுதி, ஜெயில். வரி மட்டும் எப்படியிருந்தாலும் கட்டியாக வேண்டும். நல்ல நியாயம், போங்கள்.

தெரிந்தேதான் நானும் இதே தொழிலில் இருந்த குட்டையக்காவும் சேர்ந்து இரண்டு அறை வீடு பிடித்தோம். அதற்கு முன்பு ஒருவன் என் கழுத்தை நெரித்தபோது ஏனென்று கேட்க நாதியில்லை. அக்கா வந்தபிறகு நடுச்சுவர்தான் என் தைரியம். இரண்டு தட்டுத் தட்டினால் இரும்புக் கரண்டியோடு வந்து நிற்பாள். ஒருமுறை வந்தாள். அந்த ஆள் சட்டையைக்கூட எடுக்காமல் ஓடினான், ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

வரி நோட்டீஸ் வந்தது. தொழில் செலவையெல்லாம் கழித்துக்கொள்ளலாம் என்றார் ஆடிட்டர். படுக்கை விரிப்பு, சலவை, டாக்டர் பரிசோதனை எல்லாம் சொன்னேன். வாடகையில் என் பங்கை மட்டும் சொன்னேன். ஒப்பந்தம் என் பெயரில்தான் இருந்தது, முழுசாகப் போட்டிருந்தால் ஒரு நாயும் கேட்டிருக்காது. யோக்கியம் பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வரி அதிகாரி ஒப்பந்தத்தையும் என் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மீதிப் பாதிய யாரும்மா கட்டுறாங்க?"

மரியாதையாகத்தான் கேட்டார். பெயர் சொல்லாமல் எழுந்து வந்தேன், அவர் போலீசுக்கு எழுதிவிட்டார். பதினைந்தே நாளில் போலீஸ் வந்து வீட்டைப் பூட்டியது. அபராதம் கட்டி வெளியே வந்தோம். சட்டவிரோத இடத்துச் செலவு என்று வரி ஆபீசில் வாடகைக் கழிவையும் மறுத்துவிட்டார்கள்.

அக்கா ஊரின் அந்தக் கோடியில் தனி அறை எடுத்தாள், நான் இந்தக் கோடியில். நான்காம் மாதம் ஒருவன் அவளை அடித்துப் போட்டுவிட்டான். பழக்க தோஷத்தில் சுவரைத் தட்டியிருக்கிறாள். அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்த குடோன். உயிர் தப்பியது, இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"நீ பொய் சொல்லலியேடி. பாதி நான்தானே குடுத்தேன்," என்றாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

இந்த வருடமும் ஆடிட்டரிடம் போனேன். காகிதங்களைப் புரட்டியவர் முகத்தில் ஒரே சந்தோஷம்.

"இப்ப தனியாத்தானே இருக்கீங்க? ஒரு பிரச்சினையும் இல்ல. முழு வாடகையும் கழிச்சுக்கலாம்."

ரசீதுகளை எடுத்துக் கொடுத்தேன்.