ஒர்த்தானியில் பதினொரு நாள் நீடித்த புதன்கிழமை

1962ஆம் வருடம் ஜூலை பதினெட்டாம் தேதி, புதன்கிழமை, ஒர்த்தானியில் பதினொரு நாட்கள் நீடித்தது. நகராட்சிப் பதிவேட்டில் அந்தத் தேதியின் பின்பாதி பச்சை மையில் எழுதப்பட்டிருக்கிறது. ஆறாவது நாளோடு நீல மை தீர்ந்துபோனதுதான் காரணம். அந்தப் புதன்கிழமை ஊரில் இரண்டு குழந்தைகள் பிறந்தன, ஒன்று மூன்றாவது நாளில், மற்றொன்று ஒன்பதாவது நாளில். இரண்டு பேருக்கும் பிறந்தநாள் ஒன்றே என்பதால், யார் மூத்தவர் என்ற தகராறு இன்றுவரை தீரவில்லை. இத்தாலியின் சர்தீனியத் தீவில் மற்ற ஊர்களில் சூரியன் வழக்கம்போல் மறைந்து உதித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் எல்லைக்குள் மட்டும் அது சாயங்காலம் ஐந்தே காலுக்கு எங்கே இருக்குமோ அங்கேயே நின்றது. தபால்காரர் பிசெந்தே விடிவதற்கு முன்பே துறைமுகத்திலிருந்து சைக்கிளில் கிளம்புவார். ஊர் எல்லையான மூன்றாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதும் விளக்கை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கண்ணுக்கு மேலே இழுத்துவிட்டுக்கொள்வார்.

இத்தனைக்கும் காரணம் காலா முர்த்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு கணவனும் மனைவியும்தான். காலா முர்த்தா என்பது ஊருக்குக் கீழே, இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவில் கடல் உள்ளே வந்து ஒதுங்கியிருக்கும் சின்னக் கரை. காய்ந்த ஓடை வழியாக ஒன்றரை மணி நேரம் இறங்கி, ஓரிடத்தில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிப் பாறை இடுக்கில் நுழைந்தால்தான் அங்கே போக முடியும். அங்கே ஆட்டுக்குட்டியைத் தேடிப் போனவன் எவனும் இருட்டுவதற்குள் கண்டுபிடிக்காமல் திரும்பியதில்லை என்று மேய்ப்பர்கள் சொல்வதுண்டு. அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை, ஏனென்றால் அங்கே யாரும் கால் மணி நேரத்துக்கு மேல் இருந்ததில்லை. நாங்கள் ஆடு மேய்ப்பவர்கள். கடற்கொள்ளைக்காரனும் மலேரியாவும் வரி அதிகாரியும் எங்களிடம் வந்தது கடல் வழியாகத்தான். அதனால் ஊரில் எல்லா வீட்டு வாசலும் மலையைப் பார்த்தே இருக்கும்.

அந்தக் கணவன் பெயர் கொனாரியோ. முப்பத்தெட்டு வயது, பேச்சு குறைவு. முந்தின குளிர்காலத்தில் நோய் விழுந்து அவனுடைய நூற்றுச் சொச்சம் ஆடுகளில் ஒன்பதுதான் மிஞ்சின. ஜெர்மனியில் ஒரு செங்கல் சூளைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஊர் அவனுக்காக இரண்டு பன்றிகளைச் சுட்டு விருந்து வைத்தது. மேயர் அந்தியோகோ தன் சொந்தத் தோல் பெட்டியையே தூக்கிக் கொடுத்தார். மனைவி தத்தானாவுக்கு முப்பத்துநாலு வயது. கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் இருவரும் சேர்ந்து ஒரு நாள்கூடச் சும்மா உட்கார்ந்ததில்லை. புதன்கிழமை இரவு எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் இரவுக் கப்பல். மத்தியானமே பெட்டி கட்டி முடிந்துவிட்டது.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கே" என்றாள் தத்தானா. "நீ கடல் தாண்டித்தானே போகப்போற. அது எப்படித்தான் இருக்கும்னு நானும் ஒருவாட்டி பாத்துக்கறேனே."

பெட்டியையும் தூக்கிக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். பாறை இடுக்கில் பெட்டி மாட்டிக்கொண்டதால் கொனாரியோ அதை இழுக்க, அவள் தள்ள, கடைசியில் மூவரும் ஒன்றாகக் கரையில் போய் விழுந்தார்கள். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. தத்தானா முதலில் செருப்பைக் கழற்றினாள். பிறகு கணுக்கால் வரை நின்றாள். பிறகு முழங்கால் வரை. பிறகு பாவாடையோடு அப்படியே உள்ளே உட்கார்ந்து, கல்யாணத்துக்கு முன்பு சிரித்த மாதிரி சிரித்தாள். கொனாரியோ கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக் காலை மட்டும் தண்ணீரில் வைத்து உட்கார்ந்தான். அப்பளம்போல் மெல்லிய எங்கள் ஊர் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் இரண்டு தக்காளியையும் தின்றார்கள். மேற்குப் பாறையின் நிழல் கூழாங்கற்கள்மேல் மெதுவாக இறங்கி வந்து, கொனாரியோவின் முதுகுக்கு ஒரு முழம் பின்னால் நின்றது.

"நேரமாச்சுல்ல?" என்றான் அவன்.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள் அவள்.

நிழல் அங்கேயே நின்றது.

மேலே ஊரில் பஸ் டிரைவர் எட்டு மணிக்காகக் காத்திருந்து, தன் கடிகாரத்தைத் திட்டிவிட்டு, ஆளில்லாமல் கிளம்பிப் போனார். ஆடுகள் பட்டிக்கு வரவில்லை. கோழிகள் அடையவில்லை. களத்தில் கோதுமை அடித்தவர்கள் வெளிச்சம் இருக்கும்வரை வேலை என்ற வழக்கப்படி அடித்துக்கொண்டே இருந்து, கடைசியில் வைக்கோல்மேல் சாய்ந்துவிட்டார்கள். அந்திமணி அடிக்க வேண்டிய பங்குச்சாமி டான் இலாரியோவுக்குக் கயிற்றைப் பிடித்தபடி நின்று நின்று கை மரத்துப்போனது. வானொலி மட்டும் ஒவ்வொரு நாளும் முறையாக இரவு வணக்கம் சொன்னது. கிழமை மாறாததால் வெள்ளிக்கிழமை வரவில்லை, ஆகவே மாமிசம் விலக்கத் தேவையில்லை. இந்த ஒரு விஷயத்தை ஊர் உடனே ஏற்றுக்கொண்டது. கொனாரியோவின் ஒன்பது ஆடுகளும் அண்டை வீட்டார் கையில் நாளுக்கு மூன்று வேளை பால் கொடுத்தன. மூன்றாவது நாள், காலா முர்த்தா பக்கம் போய் வந்த ஒரு மேய்ப்பன் பார்த்ததைச் சொன்னதும், தவறு தத்தானாமேல்தான் என்று ஊர் ஒருமனதாக முடிவு செய்தது. அவளுக்குக் கடலை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை, அதனால் சூரியனும் போகவில்லை. இதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

முதலில் சாமி குடையோடு இறங்கினார். தத்தானா கழுத்தளவு தண்ணீரில் நின்று அவருக்குக் கும்பிடு போட்டாள்.

"ஏம்மா தத்தானா, இது உனக்கே நல்லாருக்கா? நாலு நாளா ஊரு தூங்கல."

"நானும்தான் தூங்கல சாமி. ஆனா அலுப்பே தெரியல பாருங்க. நீங்க காலை மட்டும் கொஞ்சம் நனைச்சுப் பாருங்களேன்."

"நான் புத்தி சொல்ல வந்திருக்கேன்."

"கால நனைச்சுக்கிட்டே சொல்லுங்க, யாரு வேணாங்கறா?"

சாமி நியாயமானவர், ஆகவே காலணியைக் கழற்றினார். பிற்பாடு அவரைப் பார்த்தவர்கள், அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு பாறை மறைவில் நண்டு பிடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். சாமி திரும்பாததால் காவல் அதிகாரி போனார். அவர் வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர், நீந்தத் தெரிந்தவர். ஆறு வருடமாக அதை யாரிடமும் சொல்ல வாய்ப்பில்லாமல் இருந்தவர். அவரும் திரும்பவில்லை. அவரைத் தேடி அவர் மனைவி, அவளுக்குத் துணையாக ரொட்டி சுடும் பெண்கள், ரொட்டி வராததால் பசித்தவர்கள் என்று ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோரும் தத்தானாவை எழுப்பத்தான் போனார்கள். ஏழாவது நாள் மேயர் பேச்சை எழுதி எடுத்துக்கொண்டு வந்தபோது, கரையில் முந்நூறு பேர் இருந்தார்கள். பாறையில் இருந்த ஒரு குகையின் நிழலில் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு முறைவைத்துத் தூங்கினார்கள். குச்சியில் குத்திய ஆட்டுக்கறி நெருப்பில் சுழன்றது. ஐம்பது வருடம் மலையையே பார்த்து வாழ்ந்தவர்கள் தண்ணீரில் மல்லாந்து மிதந்துகொண்டு, ஊர் கீழேயிருந்து பார்க்க இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாரும் சொல்லவே இல்லையே என்று குறைபட்டார்கள். மேயர் பேச்சைப் படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது பக்கத்தில் அலை வந்து அவர் காலைத் தொட்டது. மூன்றாவது பக்கம் அவரிடம் இருந்ததா என்பது பதிவேட்டில் இல்லை.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் கொனாரியோ உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. பக்கத்தில் பெட்டி, தண்ணீரில் கால். யாராவது கறித்துண்டு கொடுத்தால் வாங்கிக்கொண்டான். பயணத்துக்குத் தயாராக இருக்கும் ஒழுங்கான மனிதன், பாவம் பெண்டாட்டியால் மாட்டிக்கொண்டான் என்று எல்லோரும் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

பதினோராவது நாள் பிசெந்தே தந்தியோடு வந்தார். கரையிலேயே உரக்கப் படித்தார். இன்னும் மூன்று நாளில் வந்து சேராவிட்டால் சூளையில் வேறு ஆள் வைக்கப்படுவான் என்றிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்பது ஆடுகள் ஞாபகம் வந்தன. தத்தானா தண்ணீரிலிருந்து எழுந்தாள். யாரையும் பார்க்காமல் பாவாடையைப் பிழிந்தாள், கூந்தலை முடிந்தாள், செருப்பை மாட்டினாள்.

"போதும். இன்னிக்கு ராத்திரிக் கப்பல்ல இவன ஏத்தி விட்டுருங்க" என்று மேயரிடம் சொல்லிவிட்டு, பாறை இடுக்கில் நுழைந்து ஓடைப் பாதையில் ஏறத் தொடங்கினாள். அவள் அழவில்லை என்று எல்லோரும் சாட்சி சொல்கிறார்கள். ஆனால் மிக வேகமாக ஏறினாள்.

முந்நூறு பேரும் நிழலைப் பார்த்தார்கள். நிழல் நகரவில்லை.

கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மேயர் மூச்சிரைக்க அவள் பின்னால் ஓடி, பாதித் தூரத்தில் பிடித்தார். "தத்தானா! மனசுக்குள்ள இன்னும் ஆசை இருக்கு உனக்கு. மறைக்காத!"

"மேயரய்யா, பதினோரு நாளா இதே பாவாடை. உடம்பெல்லாம் உப்பு பூத்து அரிக்குது. வீட்டுல போட்டது போட்டபடி கெடக்கு. எனக்கு ஆறாவது நாளே போதும்னு ஆயிருச்சு. எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்களேன்னுதான் உக்காந்திருந்தேன்."

மேயர் நிமிர்ந்து சூரியனைப் பார்த்தார். "அப்ப யாருதான் இந்தச் சூரியனப் பிடிச்சு வச்சிருக்கறது?"

இருவரும் மேலேயிருந்து குனிந்து பார்த்தார்கள். கரையில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் தண்ணீரில் காலை வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

தத்தானா ஏறியதைவிட வேகமாக இறங்கினாள். கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் அவன் எதிரே, தண்ணீருக்குள்ளேயே செருப்போடு நின்றாள்.

"கொனாரியோ. என் மூஞ்சியப் பாரு."

அவன் பார்த்தான்.

"நீயா?"

"ம்."

"முதல் நாள்லேருந்தா?"

"நீ தண்ணியில உக்காந்து சிரிச்ச பாரு, அப்பலேருந்து."

"அப்ப வாயத் தொறந்து சொல்லறதுக்கு என்ன?"

"எப்படிச் சொல்றது? ரெண்டு பன்னி அறுத்துட்டாங்க. மேயரு பொட்டியக் குடுத்துட்டாரு. சாமி மந்திரிச்சு அனுப்பிட்டாரு. இதுக்கப்புறம் போகலன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?" அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பதினொரு வருடத்தில் அவன் ஒரேயடியாகப் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான் என்று அவள் பின்னாளில் சொல்வாள். "எனக்குப் போக வேணாம் தத்தானா. ஒம்பது ஆடுன்னாலும் ஒம்பது ஆடு. நீயில்லாத எடத்துல எனக்குச் செங்கல்லு சுட வேணாம்."

"அட மடையா" என்றாள் தத்தானா. ஈரச் செருப்பில் ஒன்றைக் கழற்றி அவன்மேல் எறிந்தாள். அது குறி தவறிக் காவல் அதிகாரிமேல் பட்டது. "என்னப் போய் ஊரே திட்டுச்சேடா! பதினோரு நாளா பாத்துக்கிட்டே இருந்தியே!" பிறகு அவளும் அவனருகே உட்கார்ந்து அவன் தலையைத் தன் தோளில் இழுத்துக்கொண்டாள். இரண்டு பன்றிகளில் பெரியதைக் கொடுத்தவர் கூட்டத்தின் பின்னாலிருந்து, "பன்னி நல்லாத்தான் இருந்துச்சு, அத யாரு திருப்பிக் கேட்டா?" என்று குரல் கொடுத்தார். மேயர் தன் பெட்டி நனைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் நிழல் நகர்ந்தது. கொனாரியோவின் முதுகைத் தொட்டு, இருவரையும் தாண்டி, தண்ணீரில் இறங்கிப் போனது. முந்நூறு பேரும் பாறை இடுக்கில் ஒவ்வொருவராக நுழைந்து மேலே ஏறி முடிக்கும்வரை அந்தி பொறுமையாக இருந்தது. டான் இலாரியோ மணி அடித்தார். மறுநாள் விடிந்தபோது, மற்ற ஊர்களைப் போலவே, ஞாயிற்றுக்கிழமை. பூசைக்கு யாரும் வரவில்லை. சாமியும் வரவில்லை. ஊர் திங்கள் மத்தியானம் வரை தூங்கியது.

ஜெர்மனிக்குக் கொனாரியோவுக்குப் பதிலாக யாரும் போகவில்லை. பிசெந்தே வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனதில் அடுத்த கோடையில் துறைமுகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், அதற்கடுத்த கோடையில் ரோமிலிருந்து, பிறகு டென்மார்க்கிலிருந்து. கொனாரியோ ஒரு கழுதையை வைத்துக்கொண்டு அவர்களை ஓடை வழியே இறக்கிவிட்டான். தத்தானா ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கட்டிக் கொடுத்தாள். ஒன்பது ஆடுகள் நாற்பதாயின. வருபவர்களிடம் எதையும் விளக்குவதில்லை என்று நகராட்சி தீர்மானித்தது. விளக்கினால் சிலர் வேண்டுமென்றே செய்வார்கள். பெரும்பாலானவர்கள் ஆறு மணிக்கெல்லாம் பசித்துக் கிளம்பிவிடுவார்கள். காதலர்கள் வந்தால் ஒன்றிரண்டு மணி நேரம் கூடும். 1974இல் ஒரு கணக்கு வாத்தியார் தனியாக வந்தபோது மட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை நான்கு நாள் ஓடியது. அவருக்கு என்ன கவலை என்று யாரும் கேட்கவில்லை. கீழே அவருக்கு ரொட்டி மட்டும் கொடுத்தனுப்பினார்கள், கடைசியில் அவரே எழுந்து முகம் கழுவிக்கொண்டு போனார். ஊரில் எல்லா ஜன்னலுக்கும் கனத்த மரக்கதவு போட்டாயிற்று. கோழிகளும் பழகிவிட்டன.

போன செப்டம்பரில் தூரினிலிருந்து ஒரு பல் மருத்துவரும் அவர் மனைவியும் வந்தார்கள், முப்பது வருடத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சேர்ந்து கிளம்பிய பயணமாம். அந்த வியாழக்கிழமை இரண்டு நாள் ஆனது. முதல் நாள் முடியவேண்டிய நேரத்தில் முடியாததைக் கண்டு, எழுபது வயது தத்தானா மொட்டைமாடியில் ஏறிக் கீழே பார்த்தாள். பிறகு உள்ளே போய், கொனாரியோ படுத்திருந்த கட்டிலிலிருந்து போர்வையையும் உருவிக்கொண்டு வந்து துவைத்தாள். "வெயில் நிக்குது. கம்பளியெல்லாம் எடு, இன்னிக்கே காஞ்சுரும்" என்றாள்.