அரையடிச் சந்து

காலை ஆறே காலுக்கு ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் அதைக் கூடத்துச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு, ஒயர் முனையைக் கையில் பிடித்தபடி பிளக் பாயின்ட் எங்கே என்று கேட்டார்.

"அந்தச் செவுத்துல இருக்கறது வேணாம்ணா," என்றான் மோகன்ராஜ். "மழ பேஞ்சா ஷாக் அடிக்கும். ஜங்ஷன் பாக்ஸ் கொண்டாறேன்."

"அது அப்போ," என்றார் ஏகநாதன். "அதுலயே சொருகுங்க."

வந்தவர் அப்பாவையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். ஏகநாதன் ஒயரை வாங்கித் தானே சொருகினார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே மெல்ல உறுமத் தொடங்கியது.

முந்தின இரவு ஏகநாதனின் மனைவி கங்கையம்மாள் தூக்கத்திலேயே போயிருந்தாள். தகவல் கேட்டு ஓசூரிலிருந்து கிளம்பிய மோகன்ராஜ் விடியும்போதுதான் வந்து சேர்ந்தான். மகள் அனுப்பிரியா கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும். மதியம் ஆகிவிடும். அதுவரை பெட்டி ஓடவேண்டும்.

உறவுக்காரப் பெண்கள் கங்கையம்மாளைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். பச்சைப் பட்டு கட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டு ரோஹிணியின் நிச்சயதார்த்தத்துக்கென்று அவளே இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கி வைத்திருந்த புடவை. நிச்சயதார்த்தம் இன்றைக்குத்தான்.

ஏகநாதன் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இரவெல்லாம் மழை. சுவர் காய்ந்திருந்தது.

அது வடக்குச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் அரையடிச் சந்து. அதைத் தாண்டினால் ரோஹிணியின் அப்பா பட்டாபிராமன் வீட்டுச் சுவர். பீர்க்கன்கரணை ஏரிக்குக் கீழே இருந்த வயலை ஏகநாதனின் அப்பா மனை போட்டு விற்றபோது பட்டாபிராமன் முதலில் வாங்கிக் கட்டினார். சுற்றிலும் வெட்டவெளி. சாரம் கட்டி நாலு பக்கமும் பூசிக்கொண்டார். பிறகு ஏகநாதன் கட்டினார். தன் நிலத்தில் ஒரு விரற்கடையையும் விட அவருக்கு மனம் வரவில்லை. எல்லைக் கல் வரை சுவரை ஏற்றினார். சுவர் எழுந்த பிறகுதான் அந்தப் பக்கம் பூச ஆள் நிற்க இடமில்லை என்பது தெரிந்தது. செங்கல் செங்கலாகவே நின்றுவிட்டது.

மழைக்காலத்தில் சந்துக்குள் விழும் தண்ணீரைச் செங்கல் குடித்தது. வெயிலும் காற்றும் நுழையாத இடம். குடித்ததை வீட்டுக்குள் விட்டது. சுவரில் பூசிய பட்டி உதிர்ந்தது. உப்புப் பூத்தது. உள்பக்கம் வாட்டர் புரூஃப் பெயின்ட் அடித்தார். அது கொப்புளம் விட்டது. டைல்ஸ் ஒட்டினார். ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறி வந்தது. அலமாரித் துணியில் பூசணம். கங்கையம்மாளுக்கு இழுப்பு.

"உள்ள என்னத்த பூசினாலும் வேலைக்காவாது," என்று கொத்தனார் அன்பு சொன்னார். "தண்ணி சந்துல எறங்காம மேலயே மறிக்கணும். தகடு போடலாம். ஆனா அவங்க செவுத்துல காடி வெட்டித்தான் தகட்ட நொழைக்கணும். அவங்க ஒத்துக்கணுமே."

ஏகநாதன் கேட்கப் போகவில்லை. கங்கையம்மாள் போனாள். மூச்சு வாங்க அவர்கள் வாசல் படியில் உட்கார்ந்து கேட்டாள்.

"இடம் விடாம ஏன் கட்டினேள்?" என்றாள் பட்டாபிராமனின் மனைவி காமு மாமி.

"புத்தி இல்லாம கட்டிட்டாரு மாமி. இன்னா பண்றது, அந்த ஆளுக்குத்தான் என்னயும் கட்டி வெச்சாங்க."

மாமி சிரித்துவிட்டாள் என்று அன்று மாலை கங்கையம்மாள் சொன்னாள். பட்டாபிராமன் தன் வீட்டுப் புரோகிதரான வாத்தியாரிடம் கேட்டார். இரண்டு கூரையைச் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் ஒரே வீட்டுக் கணக்கு, அங்கே ஏற்படும் தீட்டு இங்கேயும் ஒட்டும் என்றார் அவர். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு ஒருநாள் மாமி கேட்டருகே நின்று சொன்னாள்: "காடி வெட்டறச்சே தூசி எங்காத்துக் கெணத்துல விழாம பாத்துக்கச் சொல்லுங்கோ."

அவ்வளவுதான் சம்மதம்.

தகட்டின் ஒரு ஓரம் அவர்கள் கைப்பிடிச் சுவருக்குள் நுழைந்தது. மறு ஓரம் இவர்கள் கைப்பிடிச் சுவரின் மேல் மடங்கியது. விழுகிற தண்ணீர் இந்த மாடிக்கே சரிந்து குழாய் வழியாகத் தெருவுக்குப் போனது. சுவர் காய ஒரு கோடை பிடித்தது. அதற்குப் பின் வந்த இரண்டு மழைக்காலமும் கங்கையம்மாள் கட்டிலை இடம் மாற்றாமல் அங்கேயே படுத்தாள்.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. ஏகநாதன் வாசலுக்கு வந்தார். பட்டாபிராமன் வீட்டு முன்னால் ஒரு ஆட்டோ. வாழைக்கன்றுகளும் பூக்கூடையும் இறக்கிய ஆட்கள் அவற்றைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்பா திரும்பி எடுத்துனு போறாங்க?"

மோகன்ராஜ் தயங்கினான்.

"சொல்லுடா."

"அவங்க வாத்தியார் போன்ல சொல்லிட்டாராம்பா. பக்கத்து வூடு மட்டும்னா பரவால்லயாம், பின்பக்கமா வெச்சு நடத்திக்கலாமாம். தகடு ஒட்டினு இருக்கறதால ஒரே வூடாம். அம்மாவ எடுக்கற வரைக்கும் வெளக்கு ஏத்தக்கூடாதுன்னாராம்."

"யாரு சொன்னது உனுக்கு?"

"ரோஹிணிதான். அழுவல. சாதாரணமாத்தான் சொல்லுச்சு."

ஏகநாதன் பெட்டியைப் பார்த்தார். பிறகு படிக்கட்டின் அடியிலிருந்த டூல்ஸ் பையைத் திறந்தார். சுத்தியலையும் உளியையும் எடுத்தார்.

"அப்பா, எங்க போற?"

"மாலை வாங்கியாற ஆள் அனுப்பினியா?"

"அதெல்லாம் கிருபா அண்ணன் பாத்துக்கறாரு. நீ எங்க போற?"

பதில் சொல்லாமல் ஏகநாதன் மாடி ஏறினார்.

மாடித் தரை ஈரமாக இருந்தது. கிழக்கே கடல் பக்கமிருந்து மேகம் இறங்கி வந்துகொண்டிருந்தது. அவர் கைப்பிடிச் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, தகட்டை இறுக்கியிருந்த முதல் ஆணியின் தலைக்குக் கீழே உளியை வைத்தார். ஒரு அடி அடித்தார். தகடு அதிர்ந்தது.

"ஏகநாதன்! என்ன பண்றேள்?"

சந்துக்கு அந்தப் பக்கத்து மாடியில் காமு மாமி நின்றாள். மடிசார் கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். பூவை எடுக்க மறந்திருக்கவேண்டும்.

"எடுத்துடறேன் மாமி."

"எதை?"

"தகட்ட. ஒட்டாம இருந்தா உங்களுக்குத் தீட்டு இல்லதானே. நல்ல நேரத்துக்குள்ள கழட்டிடுவேன்."

"அது என்ன கையில?"

"உளி."

"கீழே வைங்கோ."

அவர் வைக்கவில்லை. உளியைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னிக்கு உங்க வாத்தியார் வேணாம்னு சொல்லியும் எடம் குடுத்தீங்க. ரெண்டு மழ அவ மூச்சு வுட்டா மாமி. அதுக்கு நான் பண்றதுக்குன்னு வேற இன்னா கீது? பொண்ணு விஷயம். மாப்பிள்ள வூட்டுல ஒரு மாதிரி நெனச்சுட்டாங்கன்னா?"

"நெனச்சா நெனைக்கட்டும். எங்காத்துக்காரர் அவாளோட போன்ல பேசிண்டிருக்கார். பார்ப்போம்."

"பார்ப்போம்னா? நின்னு போச்சுன்னா?"

மாமி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"கீழே பெட்டி எந்தச் செவுத்தோரம் வெச்சிருக்கேள்?"

"இந்தச் செவுருதான்."

"பிளக்கு?"

"அதுவும் இதுலதான்."

"மேகம் தலைக்கு மேல நிக்கறது. நீங்க இதைப் பேர்த்து எடுத்தா தண்ணி நேரா எங்கே போகும்?"

"பெட்டிய வாசல்ல போட்டுக்கறோம்."

"மழையிலயா? நன்னா இருக்கு நியாயம். கங்கை இருந்தா உங்களை என்ன சொல்லியிருப்பா தெரியுமோ?"

அவருக்குத் தெரியும். முழு வாக்கியமும், அதில் வரும் கெட்ட வார்த்தையோடு தெரியும். வாயோரம் ஏதோ அசைந்தது. முகத்தைக் குனிந்துகொண்டார்.

படியேறி வரும் சத்தம் கேட்டது. பட்டாபிராமன் போனைக் கையில் பிடித்தபடி வந்தார். ஜரிகை வேஷ்டியை மடித்துக் கட்டியிருந்தார். மூச்சு இரைத்தது. முதலில் மனைவியைப் பார்த்தார். பிறகு இந்த மாடியில் குந்தியிருந்த ஏகநாதனை, உளியை.

ஏகநாதன் எழுந்து நின்றார்.

"இன்னா சொன்னாங்க சார்?"

"எப்போ எடுக்கறேள் ஏகநாதன்?"

"ரெண்டு மணிக்கு. பொண்ணு வந்துடும்."

"அப்போ சரி. ஆறு மணிக்கு வரச் சொல்லிட்டேன். மாப்பிள்ளையோட அம்மா முதல்ல கொஞ்சம் இழுத்தா. அப்புறம் மாப்பிள்ளையே போனை வாங்கி, ஒரு வீட்டுல துக்கம்னா காத்துண்டு இருக்கறதுதானே முறைன்னார்." பட்டாபிராமன் போனைப் பையில் போட்டார். "அது நல்ல நேரம் இல்லைன்னு வாத்தியார்தான் கோச்சுண்டு போனை வெச்சுட்டார்."

"அவர் ரெண்டு வருஷமா கோபத்துலதான் இருக்கார்," என்றாள் மாமி. "இன்னிக்கென்ன புதுசா?"

பட்டாபிராமன் இந்தப் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். பிறகு இறங்கிப் போனார்.

மழை வந்தது. முதலில் தகட்டின் மேல்தான் அது கேட்டது. நீர் ஒரே விரிப்பாகச் சரிந்து இந்த மாடியில் விழுந்து, வாட்டத்தோடு ஓடிக் குழாய்க்குள் இறங்கியது. அரையடிச் சந்துக்குள் ஒரு துளியும் போகவில்லை.

கீழே யாரோ வந்து சேர்ந்திருக்கவேண்டும். பெண்களின் அழுகை ஒருமுறை உயர்ந்து தணிந்தது. மோகன்ராஜ் படிக்கட்டிலிருந்து அப்பா என்று கூப்பிட்டான்.

ஏகநாதன் உளி வைத்த ஆணியின் தலையைக் கட்டை விரலால் அழுத்தினார். அது அசையவில்லை. மழைத் தண்ணீர் முகத்தில் வழிந்ததால் துடைத்துக்கொண்டார்.

மாமியும் பட்டுப் புடவை நனைய நின்றாள். குனிந்து, தன் சுவரில் தகடு நுழைந்திருந்த காடியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அடுத்த மழைக்குள்ள இந்த ஓரத்துல தார் பூசணும்னு அந்த அன்பு சொல்லிட்டுப் போனான்," என்றாள். "யார் பூசறது, நீங்களா, நாங்களா?"