மூன்றாம் தரம் கேட்டபோது

திரை தூக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். தேவாலய மண்டபத்தில் எள் போட இடமில்லை. மைக்செட்காரர் "ரெடியா, ரெடியா" என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, ஒட்டுதாடியோடு நின்ற என் தம்பி, "அக்கா, அந்த வசனத்தை மட்டும் விட்டுடலாமா?" என்றான்.

"எந்த வசனத்தை?"

"அவர் யாருன்னே தெரியாதுங்கிறதை. பொய்தானே அது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாடகமே இவன் வேஷம் கட்டிய சீஷனின் கதைதான். பிடிபட்ட ஆண்டவரைத் தெரியாது என்று அவன் மூன்று தரம் மறுதலிக்க வேண்டும். வேலைக்காரியாக நின்று கேட்பவள் நான். ஒத்திகை முழுக்கத் தொண்டை கிழியச் சொன்னவனுக்கு இப்போது ஞானம் பிறந்துவிட்டதாம்.

"வியாழக்கிழமை சொன்னியே, அப்ப இனிச்சுதா?" என்று கேட்டேவிட்டேன்.

அவன் முகம் தொங்கிப்போனது. போகட்டும். வீட்டுச் சாவியை மறந்துவிட்டுப் போனானே என்று அன்று அவன் வேலை செய்யும் கார் ஷோரூமுக்குப் போனேன். நான் கூட்டுகிற தெருவில்தான் அது இருக்கிறது. சீருடையும் கையில் துடைப்பமுமாக நின்ற என்னைப் பார்த்து, "தெரிஞ்சவங்களா?" என்று மேனேஜர் அவனைக் கேட்டார். "தெரியாது சார். சாவி கீழ கிடந்திருக்கும், எடுத்துட்டு வந்திருக்காங்க" என்றான் என் கூடப்பிறந்தவன். தெருக்கூட்டித்தான் அவனைப் படிக்க வைத்தேன். அதற்குப் பிறகு ஒத்திகையில் தவிர அவனோடு நான் பேசவில்லை. அவன் முன்பே அழைத்திருந்த அந்த மேனேஜர், இதோ, முதல் வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்.

சத்தம் கேட்டுப் போதகர் ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தம்பி, கேக்கறவங்க நம்பி ஏமாறணும்னு சொன்னாத்தான் பொய். நாடகம்னு தெரிஞ்சுதானே எல்லாரும் வந்திருக்காங்க. நீ யாரை ஏமாத்தப்போற?"

"நம்பணும்னே ஒருத்தர்கிட்ட சொல்லியிருந்தா ஐயா?"

"அப்ப அது பாவம்தான்."

"ஆண்டவர்கிட்ட மன்னிப்பு கேட்டாச்சு."

"நல்லது. ஆனா நீ சொன்னதை நம்பினவர் இன்னும் நம்பிக்கிட்டுத்தானே இருக்கார்? அவர்கிட்டயும் போய் நிஜத்தைச் சொல்லணும்ல?"

மணி அடித்தது, திரை தூக்கினார்கள்.

வேலைக்காரி வேஷத்துக்கு நான் கொண்டுவந்திருந்தது என் சொந்தத் துடைப்பம். மேனேஜர் என்னை உற்றுப் பார்ப்பது மேடையிலிருந்தே தெரிந்தது. இவன் வசனத்தை விழுங்கித் தொலைத்தால் ஊரே சிரிக்கும் என்ற பயம் வேறு.

"நீ அவருடைய ஆள்தானே?" என்றேன்.

"அவர் யாரென்றே எனக்குத் தெரியாது" என்றான்.

"பொய் சொல்கிறாய்" என்றேன். இரண்டாம் தரமும் அப்படியே ஒழுங்காகப் போனது. அப்பாடா என்று மூன்றாம் தரம் கேட்டேன். இந்தத் தரம் நான் "பொய் சொல்கிறாய்" என்றதும், வேதத்தில் உள்ளபடி, மைக்செட்காரர் சேவல் கூவும் ஒலியைப் போட வேண்டும்.

தம்பி வாயைத் திறந்தான், மூடினான். பிறகு மேடை விளிம்புக்கே போய்விட்டான்.

"சார், அன்னைக்குச் சாவி கொண்டுவந்தது என் அக்கா. சொந்த அக்கா. இதோ நிக்கிறாங்க. தெரியாதுன்னு உங்ககிட்ட சொன்னது பொய்."

மேனேஜர் பாதி எழுந்துவிட்டார். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வெட்கமா இருந்துச்சு சார். இப்ப அதைவிட வெட்கமா இருக்கு."

இவனுக்கு வேலை போய்விடுமோ என்று பயந்தேன். எல்லாம் நாடகம் சார் என்று சொல்லிச் சமாளிக்க என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அத்தனை நாள் பொருமியவள் நான். ஆனால் தாடியெல்லாம் நனைந்து நின்றவனைப் பார்த்ததும் அந்தப் பொய் உள்ளேயே போய்விட்டது. அடுத்த வசனமும் என்னுடையதுதான். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"இவன் சொல்றது நிஜம்" என்றேன். "இவன் என் தம்பி."

வசனத்துக்காகக் காத்துக் காத்துப் பொறுமை இழந்த மைக்செட்காரர் சேவலைக் கூவவிட்டார். மண்டபம் சிரிப்பும் கைதட்டலுமாக அதிர்ந்தது. மேனேஜர் மட்டும் கை தட்டவில்லை. என்னைப் பார்த்து, வணக்கம் என்று கை குவித்தார். தம்பி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அவன் விலகியபோது ஒட்டுதாடி என் தோளில் இருந்தது.