மூன்றாம் படி

இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மூன்று படியாகப் பிரித்தார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் முதல் படி. திணறுகிறவர்கள் இரண்டாம் படி. நாலைந்து பேராக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். அப்போதும் தேறாதவர்கள் மூன்றாம் படி. பெற்றோரைக் கூட்டி வைத்து விளக்கினார்கள். ஆர்வில் ஃபியூகேட் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டான். கென்டக்கி மலையில் நிலக்கரி வெட்டி நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவன் அவன். பள்ளிக்கூடத்துக்காரர்கள் புதுப் பெயர் வைத்தால் உள்ளே பழைய குப்பைதான் இருக்கும். அவன் காலத்தில் மக்குப் பிள்ளைகளைக் கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டு எவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அவன் அங்கேதான் கிடந்தான்.

மகள் லூரீன் இப்போது இரண்டாம் படியில் இருந்தாள். அங்கிருந்து மூன்றாம் படிக்குப் போகக் கூடாது.

சோதனை என்றால் டீச்சர் முன்னால் ஒரு தாளைச் சத்தமாக வாசிப்பது. பள்ளியில் தாள்கள் கொஞ்சம்தான், அவற்றையே சுற்றிச் சுற்றிக் கொடுக்கிறார்கள் என்று ஆர்வில் மோப்பம் பிடித்தான். வீட்டுக்கு வந்த ஒரு தாளில் கரடிக் கதை இருந்தது. பெண்டாட்டியை வாசிக்கச் சொல்லி, பிள்ளையை உருப்போட வைத்தான். சோள ரொட்டியைக் கடிக்கும்போதும் கரடி, வண்டியில் போகும்போதும் கரடி. சோதனையில் அதே தாள் வந்தது. லூரீன் கடகடவென்று ஒப்பித்தாள். இரண்டாம் படியிலிருந்தே அவள் பெயரை எடுத்துவிட்டார்கள்.

அப்புறம்தான் பக்கத்து வீட்டு டெல்பர்ட் சொன்னான்.

"எம்மவ மூணாம் படிக்குப் போனாப்பா. தினம் ஒரு டீச்சரம்மா அவ ஒருத்திய மட்டும் உக்கார வச்சுச் சொல்லித் தர்றாங்க. இப்ப மாவுப் பையில இருக்கிறதக்கூட வாசிக்கிறா."

 

மறுநாள் காலையில் ஆர்வில் மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு தலைமையாசிரியை வெர்னா முன்னால் போய் நின்றான். வெர்னா அவனோடு ஒரே வகுப்பில் படித்தவள்.

"என்ன ஆர்வில், தொப்பியக் கழட்டிட்டு நிக்கிறே. யாரு செத்தா?"

"எம்மவளுக்கு வாசிக்கத் தெரியாது, வெர்னா."

"நல்லாத்தானே வாசிச்சா. நானே கேட்டேன்."

"உருப்போட வச்சது நான். வேற தாளக் குடுத்துப் பாரு."

ரயிலைப் பற்றிய தாளைக் கொடுத்தாள். லூரீன் வரிக்குக் கீழே விரலை வைத்தாள். அப்பன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கரடி ஆற்றுக்குப் போன கதையை ஆரம்பித்துக் கடைசிவரை சொன்னாள்.

வெர்னா கண்ணாடியைக் கழற்றினாள். "அடப் பாவி. மூணாம் படிக்கு இருக்கிறது ஒரே டீச்சர். அவங்க நேரமெல்லாம் நெறஞ்சு போச்சு. இனி கிறிஸ்துமஸ் கழிஞ்சு சோதிக்கிறப்பதான்."

"அதுக்குள்ள இவ இன்னும் பின்னால போயிருவாளே."

"போயிருவாதான்."

"அந்த டீச்சர் ரூம் கதவத் தொறந்து வைக்கச் சொல்லு. வெளிய உக்காந்து கேட்டுக்குவா."

"அப்பிடியெல்லாம் விட மாட்டாங்க, ஆர்வில். எங்கையில இல்ல."

 ஆர்வில் அவள் மேஜைக்கு முன்னால் கிடந்த நாற்காலியைத் தூக்கினான். இருமிக்கொண்டே நடையோரமாக இழுத்துப் போய் அந்த டீச்சர் அறை வாசலில் போட்டு மகளை உட்கார வைத்தான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டும் சத்தம் மட்டும் மங்கலாக வந்தது.

"காத ஒட்ட வச்சுக் கேளு," என்றான்.

வெர்னா நடைக்கோடியில் நின்று பார்த்தாள். போகச் சொல்லவில்லை. வந்து கதவைத் திறக்கவும் இல்லை.